பழப்புளி, தேசிக்காய், திருநீறு: வீட்டு உலோகச் சாமான்களை மினுக்க எது கைகொடுக்கிறது?

விளக்கீடு கிட்ட வந்தால் கொழும்பு வீடுகளில் குத்துவிளக்கை இறக்கி வைத்துக்கொண்டு எதைப் பூசுவது என்ற பேச்சு தொடங்கிவிடும். கடையில் போத்தலில் வரும் மினுக்குத் திரவமா, குசினியில் கிடக்கிற பழப்புளியா? பித்தளைக்கு மட்டும் என்றால் பதில் சுலபம்: பழப்புளி போதும், அதுவும் தாராளமாகப் போதும். ஆனால் "வீட்டுச் சாமான்தானே, இயற்கையானதுதானே, ஒன்றும் கெடாது" என்று எல்லாவற்றுக்கும் எல்லாவற்றையும் பூசுவதுதான் பிழை. தேசிச்சாற்றில் ஒரு மணித்தியாலம் கிடந்த பித்தளை ரோசா நிறமாகும். அப்பச்சோடாவில் கொதித்த அலுமினியச் சட்டி கறுக்கும். பற்பசை தேய்த்த வெள்ளித் தட்டில் வெளிச்சத்துக்குப் பிடித்தால் சிலந்திவலை போலக் கீறல் தெரியும். ஆகவே இந்த மதிப்பீடு பொருளுக்கு மட்டுமல்ல. எந்தப் பொருள், எந்த உலோகத்தில், எத்தனை நிமிடம் என்பதற்கு.

முதலில் கையில் இருப்பது என்ன உலோகம் என்று தெரியவேண்டும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தமே முதல் சோதனைக்குப் போதும். பித்தளை, செம்பு, வெண்கலம், வெள்ளி, அலுமினியம் எதிலும் காந்தம் ஒட்டாது. விளக்கின் பாதத்திலோ தகழியிலோ ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பித்தளை முலாம். முலாம் ஒரு தலைமயிர்த் தடிப்புக்கூட இல்லை. புளி பூசித் தேய்த்தால் முலாமும் சேர்ந்து போய்விடும். அதற்குச் சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் தவிர வேறெதுவும் வேண்டாம்.

அடுத்தது வார்னிஷ் சோதனை. புதிதாக வாங்கிய விளக்கு, சுவரில் மாட்டும் தட்டு, கதவுப்பிடி போன்றவற்றில் பல நேரம் நிறமில்லாத பூச்சு ஒன்று இருக்கும். கண்ணுக்குப் படாத, ஆனால் மங்கிப்போன ஓரிடத்தில் ஒரு துளி தேசிச்சாறு விட்டு இரண்டு நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் வெறும் பித்தளை. ஒரு மாற்றமும் இல்லையென்றால் மேலே வார்னிஷோ எண்ணெய்ப் பிசினோ இருக்கிறது. வார்னிஷ் அங்கங்கே உரிந்திருந்தால் முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் மினுக்கவேண்டும். இல்லாவிட்டால் தேமல் விழுந்த மாதிரித் திட்டுத்திட்டாக வரும். நகப்பூச்சு அழிக்கும் அசிற்றோனைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் போகும். யன்னலைத் திறந்து வையுங்கள், கிட்டவே அடுப்போ சுடரோ இருக்கக்கூடாது.

இனிப் பழப்புளி. குத்துவிளக்கில் புளி வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் புளியைக் குறை சொல்லிப் பயனில்லை, குற்றம் எண்ணெயில். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் சுடரின் சூட்டில் காய்ந்து காய்ந்து, திரி கிடக்கும் முகத்தருகே தேன்பாகு நிறத்தில் பிசினாகப் படிந்திருக்கும். புளிப்பால் எண்ணெயைக் கரைக்க முடியாது. பிசினுக்கு மேலே புளியைப் பூசிவிட்டு அரை மணித்தியாலம் தேய்த்தாலும் கைதான் நோகும்.

எனவே விளக்கைக் கழற்றுங்கள்: முடி, தகழி, தண்டுத் துண்டுகள், பாதம். மரை இறுகிப்போயிருந்தால் குறடு போடவேண்டாம். பித்தளை மென்மையானது, குறட்டின் பல் அப்படியே பதிந்துவிடும். பொருத்தின் மேல் ஒரு கேத்தில் கொதிதண்ணீரை மெல்ல ஊற்றி, துணி சுற்றித் திருகினால் பிசின் இளகி விட்டுக்கொடுக்கும். பாதத்தின் அடியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாரத்துக்காக மணலோ சுண்ணக்கலவையோ நிரப்பி மூடியிருந்தால் அந்தத் துண்டைத் தண்ணீரில் ஊறப்போடக்கூடாது. உள்ளே போன தண்ணீர் பிறகு வாரக்கணக்கில் கசிந்து பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும்.

எண்ணெய் எடுக்க, கை பொறுக்கிற சூட்டில் 5 லீற்றர் தண்ணீர், அதில் 3 மேசைக்கரண்டி சலவைச்சோடா, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம். 30 நிமிடம் ஊறட்டும். சோடா வேண்டாமென்றால் சீயாக்காய்த் தூளைக் களி போலக் குழைத்துப் பூசலாம். பழைய வீடுகளில் விளக்குக்கு அதுதான் முதல் கழுவல், இன்றைக்கும் அது குறை சொல்ல முடியாத முறை. பிறகு தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவிவிட்டு, தண்ணீரை ஓடவிட்டுப் பாருங்கள். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. கண்ணாடித்தாள் போட்ட மாதிரி ஒரே படலமாக வழிந்தால் போய்விட்டது. இந்தச் சோதனையைத் தாண்டாமல் புளியைத் தொடவேண்டாம்.

இரண்டடி விளக்குக்கு 100 கிராம் பழப்புளி போதும். கறுத்துப்போய் ரசத்துக்கு உதவாத பழைய புளியே இதற்கு நல்லது. 200 மில்லிலீற்றர் சுடுதண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டுப் பிசையுங்கள். நாரை எடுக்கவேண்டாம், தேய்க்கும் தும்பு அதுதான். ஆனால் ஓட்டுத் துண்டும் மணலும் இருந்தால் கட்டாயம் பொறுக்கி எடுங்கள். கட்டிப் புளிக்குள் மணல் இருப்பது புதிதல்ல. மணல் கனிமக் கடினத்தில் 7, பித்தளை 3 முதல் 4. ஒரே ஒரு மணல் துகள் தண்டைச் சுற்றிக் கோடு போட்டுவிடும். பிசைந்ததில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, 2 மேசைக்கரண்டி அரிசிமாவைச் சேர்த்தால் நிமிர்ந்த தண்டிலும் வழியாமல் ஒட்டிக்கொள்ளும்.

பூசினால் ஒரு நிமிடத்திலேயே வேலை தெரியும். கறுப்பு இளகி, கபில நிறப் புளி ஓரங்களில் பச்சை கலந்த கறுப்பாக மாறும். பித்தளையின் மேலிருக்கும் கறுப்பு பெரும்பாலும் செம்பு ஒட்சைட்டு. புளியிலுள்ள தாத்தாரிக் அமிலம் அதைக் கரைக்கிறது. உப்பிலிருந்து வரும் குளோரைட்டு கரைந்த செம்பை மீண்டும் படியவிடாமல் பிடித்து வைக்க உதவுகிறது. உப்பில்லாத புளியும் வேலை செய்யும், ஆனால் நேரம் எடுக்கும். 5 நிமிடம் விட்டு, நாரோடு சேர்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். போதவில்லையென்றால் புதுப் புளியை இரண்டாம் தரம் பூசுங்கள். பூசியதையே அரை மணித்தியாலம் விட்டுவைப்பதோ, முதல் துண்டில் வழித்தெடுத்த கறுத்த புளியை அடுத்த துண்டுக்குப் பூசுவதோ ஆகாது.

ஏன் ஆகாது என்றால், பித்தளை செம்பும் நாகமும் (துத்தநாகம்) கலந்தது. புளிப்பு அதிகநேரம் நின்றால் மேல்பரப்பிலுள்ள நாகம் முதலில் கரைந்துபோய்ச் செம்பு தனித்து நிற்கும். அதுதான் அந்த ரோசாத் திட்டு. பெரும்பாலும் தகழியின் குழிக்குள்ளும் பாதத்தின் விளிம்பிலும் வரும், புளி தேங்கும் இடம் அதுதான். திட்டு மெல்லியதாக இருந்தால் சலித்த திருநீற்றில் சில துளி தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்து, பழைய பருத்தித் துணியால் 5 நிமிடம் அழுத்தித் தேய்த்தால் மஞ்சள் திரும்பி வரும். ஆழமாக இறங்கியிருந்தால் வீட்டு வைத்தியம் கேட்காது, உராய்வுத் தூள் உள்ள கடை மினுக்கிதான்.

கழுவலிலும் ஒரு படி பலர் விடுவது. நல்ல தண்ணீரில் கழுவிய பின், 1 லீற்றருக்கு 1 தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்து, திரும்பவும் நல்ல தண்ணீரில் அலசவேண்டும். சித்திர வேலைப்பாட்டுக்குள்ளும் மரைக்குள்ளும் மிஞ்சிய புளிப்பை அது தணித்துவிடும். இதைச் செய்யாத விளக்கு இரண்டு நாளில் பழையதைவிட மோசமாக மங்கும். பழி புளிக்குப் போகும். உடனே துவாயால் துடைத்து, தலைமயிர் காயவைக்கும் கருவி இருந்தால் வெட்டுக்களுக்குள் சூட்டுக்காற்று அடியுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் தானாகக் காயட்டும் என்று விட்டால் ஒவ்வொரு நீர்த்துளியும் ஒரு புள்ளியாக நிற்கும். பழப்புளிக்குப் பித்தளையில் 10க்கு 9. ஒரு புள்ளி குறைப்பது அது செய்கிற குப்பைக்காக; சிங்கில் நார் அடைத்துக்கொள்ளும், அரிதட்டுப் போட்டுக் கழுவுங்கள்.

தேசிக்காய் இன்னும் வேகம். செம்புக்கு அதுதான் முதல் தெரிவு: பாதி வெட்டிய பழத்தை உப்பில் தொட்டு அப்படியே தேய்த்தால் செம்புக் குடம் கண்முன்னே நிறம் மாறும். செம்பில் கரைந்துபோக நாகம் இல்லாததால் ரோசாத் திட்டுப் பயமும் இல்லை. பித்தளைக்குப் பாவித்தால் 2 நிமிடத்துக்கு மேல் நிற்கவிடாதீர்கள். தேய்த்த கையோடு மொட்டைமாடி வெயிலுக்குப் போகவேண்டாம், தேசிச்சாறு பட்ட தோல் வெயிலில் கறுத்துக் கொப்பளிக்கக்கூடும். பழைய தொடர்மாடி வீடுகளின் டெராசோத் தரையில் வைத்தும் தேய்க்காதீர்கள். சீமெந்தையும் சலவைக்கல் துண்டையும் எந்தப் புளிப்பும் அரித்து மங்கலான வட்டம் போட்டுவிடும். ஒரு பிளாஸ்டிக் பேசின் இந்தப் பிரச்சினை எல்லாவற்றையும் தீர்க்கும்.

செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் பச்சைக் களிம்பு இருந்தால் அது நஞ்சு. முழுதாகப் போகும்வரை அதில் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். உள்ளே வெள்ளீயம் பூசியிருந்தால் (சாம்பல் வெள்ளையாகத் தெரியும்) அந்தப் பக்கத்தில் புளியும் உப்பும் தும்பும் கூடாது. பூச்சு தேய்ந்து உள்ளே மஞ்சளோ சிவப்போ எட்டிப்பார்த்தால் மினுக்குவது வீண் வேலை, திரும்ப வெள்ளீயம் பூசத்தான் வேண்டும்.

மற்றப் புளிப்புகள் சுருக்கமாக. மீன் அம்புல் தியலுக்குப் போடும் கொறுக்காயை நான்கைந்து துண்டு எடுத்து அரை லீற்றர் தண்ணீரில் 10 நிமிடம் அவித்தால் நல்ல கழுவல் நீர் கிடைக்கும். ஆனால் பசையாக ஒட்டாது, சின்னச் சாமான்களை முக்கி எடுக்கத்தான் சரி. முற்றத்தில் பிலிம்பி மரம் நின்றால் அந்தக் காயை நசுக்கித் தேய்க்கலாம். ஒட்சாலிக் அமிலம் இருப்பதால் துருக்கறைக்கும் கேட்கும். வினாகிரிக்குப் பித்தளையில் தனிச்சிறப்பு ஒன்றுமில்லை, மணம்தான் மிச்சம். புளித்த மோரும் முதல்நாள் அரிசி கழுவிய தண்ணீரும் வாராவாரம் துடைக்க நல்லவை. ஒரு வருடக் கறுப்பை எடுக்க அவற்றால் ஆகாது.

இணையத்தில் சுற்றுகிற "தேசிச்சாறும் அப்பச்சோடாவும் கலந்த அதிசயக் கலவை"க்கு நாம் கொடுப்பது பூச்சியம். நுரை வருவதைப் பார்த்து ஆட்கள் மயங்குகிறார்கள். புளிப்பும் சோடாவும் ஒன்றையொன்று தின்று முடிக்கும் சத்தம்தான் அந்த நுரை. ஒரு தேக்கரண்டி சோடா, அதாவது ஏறக்குறைய 5 கிராம், இரண்டு மூன்று தேசிக்காயின் புளிப்பு முழுவதையும் தணித்துவிடும். மிஞ்சுவது வலுவில்லாத உப்புத் தண்ணீரும், சோடா கூடிவிட்டால் கொஞ்சம் கரையாத தூளும். துடைத்ததும் பளபளத்தால் அது அந்தத் தூளும் உங்கள் கையும் செய்த வேலை. இரண்டும் நல்ல பொருள்கள்தான், ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும்: முதலில் புளிப்பு, கழுவல், பிறகு சோடா.

வெள்ளி வேறு கதை. அதன் கறுப்பு ஒட்சைட்டு அல்ல, வெள்ளி சல்பைட்டு. காற்றிலுள்ள கந்தகத்தால் வருவது. புளியோ தேசிக்காயோ அதை அசைக்காது. இங்கே கைகொடுப்பவை இரண்டு.

ஒன்று திருநீறு. வெள்ளியின் கடினம் 2.5 முதல் 3. அதனால் தூள் மென்மையாக இருக்கவேண்டும். நல்ல சாணத் திருநீற்றை மெல்லிய வேட்டித் துணியில் இரண்டுதரம் சலித்து, சில துளி தண்ணீரில் குழைத்து, நீள்வாக்கில் தேய்க்கவேண்டும், வட்டமாக வேண்டாம். குங்குமச்சிமிழ், சந்தனக் கிண்ணம், சின்ன விளக்கு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். விரலுக்கிடையில் நெருடுகிற திருநீற்றை ஒதுக்குங்கள். உமிக்கரியும் செங்கல் தூளும் வெள்ளிக்கு ஆகவே ஆகாது. உமியில் சிலிக்கா நிறைய, செங்கலில் மணல். வெள்ளி முலாம் பூசிய சாமானுக்குத் திருநீறும் வேண்டாம்; ஒவ்வொரு தேய்ப்பும் முலாமைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டே போகும்.

மற்றது அலுமினியத்தாள் முறை. உராய்வே இல்லாததால் வேலைப்பாடு கூடிய கொலுசு, சங்கிலிக்கு இதுதான் சிறந்தது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அலுமினியத்தாளை விரித்து, வெள்ளி அந்தத் தாளில் நேரே தொட்டுக்கொண்டிருக்கும்படி வையுங்கள். தாளின் எந்தப் பக்கம் மேலே இருந்தாலும் வேலை ஒன்றுதான். தொடாவிட்டால்தான் வேலை நடக்காது. 1 மேசைக்கரண்டி அப்பச்சோடா, 1 தேக்கரண்டி உப்பு தூவி, 1 லீற்றர் கொதிதண்ணீரை ஊற்றுங்கள். கூழ்முட்டை மணம் வந்தால் பயப்பட வேண்டாம், கந்தகம் வெள்ளியை விட்டுப் போகிறது என்று அர்த்தம். 2 முதல் 5 நிமிடத்தில் கறுப்பு தாளுக்கு மாறியிருக்கும். தேய்த்து எடுக்கும்போது கறுப்போடு வெள்ளியும் கொஞ்சம் போகும்; இந்த முறையில் சல்பைட்டிலிருந்த வெள்ளி சாமானிலேயே நின்றுவிடும். தண்ணீர் ஆறினாலோ வெள்ளியில் எண்ணெய்ப்பசை இருந்தாலோ தோற்கும். முத்து, பவளம், ஒட்டுப்பசையில் பதித்த கல் உள்ள நகையை இதில் போடக்கூடாது. அவற்றைச் செட்டியார் தெருப் பட்டறை ஒன்றில் கொடுப்பதே புத்தி. வேண்டுமென்றே பள்ளங்களைக் கறுப்பாக்கிச் செய்த பழைய வேலைப்பாட்டிலும் இதைச் செய்யாதீர்கள். அந்தக் கறுப்பும் போய் உருவமே தட்டையாகத் தெரியும்.

அலுமினியத்துக்கு நேர்மாறான சட்டம். சோடா, அடுப்புச் சாம்பல் போன்ற காரங்கள் அதை அரித்துக் கறுப்பாக்கும். புளிப்பு வெளுக்க வைக்கும். சோறு அவிக்கும் சட்டியின் உட்புறம் கறுத்திருந்தால், பிழிந்த தேசிக்காய்த் தோல் ஏழெட்டை நிறையத் தண்ணீரில் போட்டு 15 நிமிடம் கொதிக்கவிட்டு ஊற்றிவிடுங்கள். எவர்சில்வரில் சூட்டால் வந்த வானவில் நிறத்துக்கு வினாகிரி தோய்த்த துணி ஒன்றே போதும். பச்சை ஸ்பொஞ்சுக்குள் அலுமினியம் ஒட்சைட்டுத் தூள் இருப்பதால் மினுங்கும் பக்கத்தில் அதைப் போடவேண்டாம். உப்புத் தண்ணீரையோ குளோரின் சலவைத் திரவத்தையோ எவர்சில்வரில் இரவு முழுக்க விட்டால் ஊசிமுனைக் குழிகள் விழும், அது பிறகு மாறாது. திருவலை, கத்தி, தாச்சி ஆகியவற்றின் துருவுக்கு வினாகிரியில் 30 நிமிடம், தும்பு, சோடாத் தண்ணீர், அடுப்பில் வைத்துக் காயவைத்தல், பிறகு எண்ணெய். கத்திக்குத் தேங்காயெண்ணெய் சரி. தோசைக்கல்லையும் தாச்சியையும் பழக்க நல்லெண்ணெய்தான் நல்லது, தேங்காயெண்ணெய் எளிதில் காய்ந்து பூச்சாகாது.

கடைப் போத்தலை முழுக்க ஒதுக்கவும் முடியாது. கதவுப்பிடி, பெயர்ப்பலகை, சுவரோடு பொருத்திய தட்டு போன்றவற்றைக் கழுவ முடியாது. கழுவ முடியாத இடத்தில் புளி பூசக்கூடாது. அங்கே துடைத்தெடுக்கிற மினுக்கித் திரவம்தான் வெல்கிறது. ஆனால் அது வேலைப்பாட்டுக்குள் காய்ந்து வெள்ளைத் தூளாகத் தங்கும், சமையல் பாத்திரத்தின் உட்புறத்துக்கும் ஆகாது.

மினுக்கம் எத்தனை நாள் நிற்கும் என்பது பொருளைவிட வீட்டைப் பொறுத்தது. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் யன்னல் திறந்திருக்கும் வீட்டில் உப்புக்காற்று பித்தளையைச் சீக்கிரம் மங்கவைக்கும்; அதே விளக்கு கடலுக்குத் தள்ளி, உள்ளறையில் இருந்தால் கூடுதல் நாள் தாங்கும். காய்ந்த விளக்கில் இரண்டு துளி தேங்காயெண்ணெயைத் துணியில் எடுத்துப் பூசி, வேறு துணியால் கிட்டத்தட்ட முழுதாகத் துடைத்துவிடுங்கள். கையில் பிசுக்குத் தெரிந்தால் எண்ணெய் கூடிவிட்டது, தூசி ஒட்டும். எடுத்து வைக்கும் வெள்ளியைப் பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பொலித்தீன் பைக்குள் போட்டு மூடுங்கள். ஆனால் இறப்பர் பட்டியால் கட்டவேண்டாம். இறப்பரில் கந்தகம் இருக்கிறது, துணிக்கு மேலால் கட்டினாலும் நாளடைவில் அந்தப் பட்டியின் அகலத்துக்கே வெள்ளியில் ஒரு கறுப்புக் கோடு விழும்.